தலை கொம்பியூட்டரில் இருக்கிறது

"ஒலுவ கோ?"

தலை எங்கே என்று கேட்கிறான். கேட்டவன் சோதனைச் சாவடியில் நின்ற நெட்டைச் சிப்பாய். கேட்கப்பட்டவர்கள் நானும் என் கூட்டாளி மஹ்றூபும். எங்களுக்குப் பின்னால், உழவு மெசின் பெட்டியில், தறப்பாளுக்கு அடியில், பெட்டியை விட நீளமான ஒரு மிருகம் குப்புறப் படுத்திருந்தது. அதற்கு வால் இருந்தது. நான்கு கால்கள் இருந்தன. முதுகு நெடுகச் செதில் இருந்தது. கழுத்து வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

காலை வெயில். அக்கரைப்பற்றைத் தாண்டித் திருக்கோவிலுக்குப் போகிற வீதி. மணல் மூட்டையின் மேல் ஒரு காகம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் தேங்காய் வாங்கப் போதும். ஒரு மிருகத்துக்கு ஏன் தலை இல்லை என்று விளக்கப் போதாது. ஆனாலும் சொன்னேன். தலை கல்முனையில் இருக்கிறது. கொம்பியூட்டருக்குள் இருக்கிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். உடம்பை ஓரிடத்திலும் தலையை வேறோரிடத்திலும் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படித்தான் பார்த்தான். பிறகு துவக்கு முனையால் மிருகத்தின் விலாவில் குத்தினான்.

விலாவுக்குள் லொறி டியூப் இருந்தது. அதன் வாயைக் கட்டியிருந்த ரப்பர் நழுவிவிட்டது. மிருகம் நீளமாக, மிக நீளமாக, ஒரு பெருமூச்சு விட்டது. நெட்டையன் பின்னால் பாய்ந்து மணல் மூட்டையில் போய் உட்கார்ந்தான். காகம் பறந்தது. உள்ளேயிருந்து மூன்று பேர் துவக்கோடு ஓடிவந்தார்கள்.

மஹ்றூப் இரண்டு கைகளையும் தூக்கியபடி என் காதருகில் சொன்னான்:

"மச்சான், மூச்சு நல்லா வருது, கண்டயா?"

விட்டார்கள். விடுவதற்கு முன் எங்கள் அடையாள அட்டை இலக்கங்களைக் கொப்பியில் எழுதி, அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார்கள். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். நெட்டையன் சிரிக்காமல் வாசித்தான். "மிருகம், ஒன்று. தலை, இல்லை."

பரீதா கண்டது

மஹ்றூப் குஷன் வேலைக்காரன். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவனுடைய கடை. பஸ், லொறி, முச்சக்கரவண்டி எதுவானாலும் அவனிடம் வந்து இருக்கை மாற்றிக்கொண்டு போகும். ரெக்ஸின், ஸ்பொஞ்சு, ஆணி. இந்த மூன்றையும் வைத்து அவன் எதையும் செய்வான். ஆனால் மிருகம் செய்ய வேண்டிய அவசியம் அவன் மனைவி பரீதாவால் வந்தது.

எங்கள் பக்கத்தில் சுனாமி என்று யாரும் கதைப்பதில்லை. கடல் வந்த அன்று என்றுதான் சொல்வோம். கடல் வந்த அன்று மஹ்றூப் அம்பாறை டவுனுக்கு பஸ் இருக்கை கொடுக்கப் போயிருந்தான். பரீதா கடற்கரை வீட்டில் இருந்தாள். வளவு வேப்ப மரத்தில் ஏறிக்கொண்டாள். அவளுடைய உம்மாவும் தங்கச்சியும் வேப்ப மரம் வரைக்கும் வரவில்லை.

வந்தது தண்ணீர் இல்லை என்றாள் பரீதா. கறுப்பாக ஒரு மிருகம். அதற்குத் தலை இருந்தது. போகும்போது திரும்பி அவளைப் பார்த்துவிட்டுப் போனது.

டாக்டர் குளிசை கொடுத்தார். பள்ளி மௌலவி தண்ணீர் ஓதிக் கொடுத்தார். நிவாரணத்துக்கு வந்த ஒரு பெண்மணி வெள்ளைத் தாளும் கலர்ப் பென்சிலும் கொடுத்தார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். அது தண்ணி. நான் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் சொல்ல நினைத்து, மிருகம் என்பது நல்ல உவமை என்றேன்.

"உவமையா?" என்றாள், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடுகிற பரீதா. "கவிஞர் காக்கா, அது என்னக் கிறுகிப் பாத்திச்சி."

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் உவமையைக் கொண்டு போனதில்லை.

அவள் சம்மாந்துறையில், ராத்தா என்று அவள் கூப்பிடும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சுற்றிவர வயல். கடல் சத்தம் கேட்காத இடம். மஹ்றூப் கடற்கரையில், மூன்று சுவரும் புதுத் தகரமுமாக மிஞ்சிய வீட்டில். எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை வந்து சேருகிறவன். பெண் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை மட்டும் இருப்பது, விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் ஊரில் இல்லாதபோது போய்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பது போல.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்ததும் சம்மாந்துறைக்குப் போவான். "போவமா புள்ள?" என்று கேட்பான்.

"அது அங்கதான் கிடக்கு," என்பாள். அவன் தனியாகத் திரும்பி வருவான். இரண்டு வருடம் இப்படிப் போனது.

ஒருநாள் கடையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"மச்சான், நான் அண்டைக்கு அம்பாறைல. நான் காணல்ல. காணாதவன் கண்டவள்ட்ட, அப்பிடி ஒண்டு இல்ல எண்டு என்னெண்டு சொல்ற?"

"அதுக்கு?"

"செஞ்சி காட்டப் போறன். இதுவா எண்டு கேப்பன். ஓம் எண்டாளெண்டா, அவள்ட கண்ணுக்கு முன்னால அத நெருப்பு வச்சி எரிப்பன். மறுகா ஊட்ட கூட்டி வருவன்."

"ஊர் பைத்தியம் எண்டு சொல்லும்."

"அதுக்குத்தான் நீ. படம் எடுக்கிறம் எண்டு சொல்லு. படம் எண்டா ஒருத்தனும் ஒண்டும் கேக்கமாட்டான்."

இப்படித்தான் நான் கதை வசனகர்த்தாவானேன். கதை இல்லை. வசனமும் இல்லை.

பல் எத்தனை?

வெள்ளிக்கிழமைகளில் நானும் கொப்பியோடு போக ஆரம்பித்தேன்.

"பல் எத்தன புள்ள?" என்று மஹ்றூப் கேட்டான்.

"எண்ணிக்கிட்டா இருந்த நான்?"

"சும்மா ஒரு மட்டுக்குச் சொல்லன்."

"மரத்தில தொங்கிக்கிட்டு பல்லு எண்ணச் சொல்றீங்களா?"

குசினியிலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "முப்பத்திரெண்டு போடுங்க தம்பி. எல்லாத்துக்கும் அதானே."

"காது?" என்றேன் நான்.

"இல்ல."

"கண்ணு?"

ஒரு விரலைத் தூக்கினாள். "ஒண்டுதான் கண்ட நான். மத்தப் பக்கம் திரும்பல்ல."

மற்றக் கண் நிச்சயமில்லை என்று குறித்துக்கொண்டேன். பொய் சொல்கிறவள் இரண்டு கண் என்று சொல்லியிருப்பாள்.

"தோல் எப்பிடி?"

"கறுப்பு. கறுப்புக்குள்ள எல்லாக் கலரும். எல்லார்ட சாமானும் அதுட மேல ஒட்டிக் கிடந்திச்சி."

இரும்பு எலும்பு

நான் சிறுவயதில் படத்து மிருகங்களைப் பார்த்தது வாடகை வீடியோ டெக்கில். விடுமுறை நாள் மதியம், ஜன்னலுக்குப் பாய் தொங்கவிட்டு, தெருவே ஒரு அறைக்குள் உட்கார்ந்திருக்கும். கடலிலிருந்து ஒரு வாய் எழும்பும். முன்வரிசை பின்வரிசையாகிவிடும்.

அந்த மிருகங்களுக்கு உள்ளே இரும்பு எலும்பு, மேலே ரப்பர் தோல் என்று பின்னாட்களில் வாசித்தேன். கண் இமைக்க ஒருவர், வாய் திறக்க ஒருவர் என்று, திரைக்கு வெளியே ஆட்கள் கம்பி இழுத்துக்கொண்டிருப்பார்களாம். உப்புத் தண்ணீர் பட்டால் மெசின் நின்றுவிடுமாம். அப்போது மிருகத்தைக் காட்டாமல் தண்ணீர் அசைவதை மட்டும் காட்டுவார்களாம். அதற்குத்தான் சனம் கூடுதலாகப் பயந்ததாம்.

பிறகு கொம்பியூட்டர் வந்தது. மிருகத்தை ஒருவரும் தொடவில்லை. நடிகர்கள் கம்பில் குத்திய பந்தைப் பார்த்து அலறினார்கள். மிருகம் பிறகு வந்து சேர்ந்தது, கலியாணத்துக்குப் பிந்தி வருகிற சொந்தக்காரர் மாதிரி.

தொட்டால் இருக்கிற மிருகம் ஒன்று. தொட்டால் இல்லாத மிருகம் ஒன்று. பரீதாவுடையது இரண்டிலும் சேராது. அதுதான் எங்கள் சிக்கல்.

மஹ்றூப் கம்பி வளைத்து எலும்பு செய்தான். பஸ் இருக்கை ஸ்பொஞ்சு சதையானது. விலாவுக்கு லொறி டியூப். சைக்கிள் பம்பால் அடித்தால் மூச்சு உள்ளே போகும், கட்டை அவிழ்த்தால் வெளியே வரும். தோலுக்குத்தான் திண்டாடினான். எல்லார் சாமானும் ஒட்டிய தோலுக்கு எங்கே போவது?

கடற்கரைக்குப் போனான். செருப்புகள். கடல் வந்த நாளிலிருந்து எங்கள் கரையில் ஒதுங்கிக்கொண்டேயிருந்த ஒற்றைச் செருப்புகள். நீலம், சிவப்பு, குதி தேய்ந்தது, பூப் போட்டது. ஒன்றுக்கும் சோடி இல்லை. சாக்குச் சாக்காக அள்ளி வந்து, முழுதாகவே, ஓடு வேய்வது போல மேலிருந்து கீழாக ஆணியடித்தான். ஆயிரம் பேர் ஏறி நடந்த முதுகு போல இருந்தது.

ஒருநாள் ஒரு மனிதர் கடைக்கு முச்சக்கரவண்டி இருக்கை தைக்க வந்தார். மிருகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர் நின்றார்.

"தம்பி, இந்த மூணாம் வரில இடது பக்கம் கிடக்கிறது என்ட செருப்பு."

"கழட்டித் தரவா காக்கா?" என்றான் மஹ்றூப்.

"வேணா." அவர் போய்விட்டு, பின்னேரம் திரும்பி வந்தார். கையில் மற்றச் செருப்பு. "இதயும் அடிச்சிடு. சோடியாப் போகட்டும்."

மௌலவியின் தீர்ப்பு

செய்தி பள்ளிக்குப் போனது. மௌலவி வந்தார். உயிருள்ள ஒன்றின் உருவத்தைச் செய்கிறவனிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடு என்று கேட்கப்படும் என்பது எங்களுக்கெல்லாம் சின்னப் பிள்ளையிலேயே சொல்லித்தரப்பட்டது.

"றூஹ் ஊது எண்டு கேட்டா என்ன செய்வாய் மஹ்றூப்?"

"பம்பு இரிக்கி ஹஸ்ரத்," என்றான் மஹ்றூப். கிண்டல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன்.

மௌலவி நல்ல மனிதர். பரீதாவுக்கு ஓதிக் கொடுத்தவர். அவள் ஏன் இன்னும் வரவில்லை என்பதும் தெரிந்தவர். மிருகத்தின் கழுத்தருகில் நின்று வெகுநேரம் தாடியைத் தடவினார்.

"தல வச்சிட்டயா?"

"இன்னும் இல்ல."

"அப்ப வைக்காத. தல இல்லாட்டி உருவம் இல்ல. மரக்கட்ட மாதிரித்தான்."

"தல இல்லாம அவள் ஒத்துக்கமாட்டாளே."

"கொம்பியூட்டர்ல வச்சா?" என்றேன் நான்.

மௌலவி என்னைப் பார்த்தார். கொம்பியூட்டரில் இருப்பது உருவமா, கண்ணாடியில் விழுகிற நிழல் மாதிரியா என்பதில் அவருக்கே தெளிவில்லை. "வச்சிட்டு முதல்ல எனக்குக் காட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிநாட்டில் எது கையால், எது கொம்பியூட்டரால் என்பதை யார் தீர்மானிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அது மார்க்கத் தீர்ப்பு. உடம்பு கையால். தலை கொம்பியூட்டரால்.

தலை வந்தால் பூ வரும்

கொம்பியூட்டர் நிஸாமிடம் இருந்தது. நிஸாம் கலியாண வீடியோக்காரன். மணப்பெண்ணை ரோஜாவுக்குள் வைப்பான். மாப்பிள்ளையை நிலாவிலிருந்து இறக்குவான். அவனுடைய கொம்பியூட்டருக்கு அதைத் தவிர வேறு வேலை தெரியாது.

எங்கிருந்தோ ஒரு முதலைத் தலை எடுத்து, ஒட்டிப் பார்த்தான். தலை கழுத்தில் உட்கார்ந்ததும் மேலிருந்து நான்கு ரோஜா இதழ்கள் விழுந்தன.

"அது என்னடா?" என்றான் மஹ்றூப்.

"அத எடுக்க ஏலா காக்கா. தல வந்தா பூ வரும்."

"ஊர அழிச்ச மிருகத்துக்குப் பூவா?"

"பாத்துச் செய்வம். கழுத்துக்கு மேல பச்சத் துணி கட்டி எடுத்துத் தாங்க. பச்ச எங்க இரிக்கோ அத கொம்பியூட்டர் தின்னும். தின்ட இடத்தில தலயப் போடலாம்."

பச்சைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கட்சிக் கொடி பச்சை. இறைநேசர் அடங்கிய சியாரத்துக் கொடியும் பச்சை. முதலாவதைத் தொட்டால் கட்சிக்காரர் அடிப்பார்கள். இரண்டாவதைத் தொட்டால் எல்லாரும் அடிப்பார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது மஹ்றூப் சொன்னான்: "என்ட்ட ஒண்டு கிடக்கு."

கரைவலை

கடலிலிருந்து மிருகம் வர வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் மூழ்கிவிடுவான். எனக்குத் திருக்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் வினாயகபுரத்துத் தம்பிராசா அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார். கரைவலைக்காரர். தோணியில் வலையைக் கொண்டுபோய்ப் போட்டு, இரண்டு கயிறு பிடித்து, முப்பது பேர் கரையில் நின்று இழுக்கிற தொழில். வலைக்குப் பதில் மிருகத்தைக் கட்டினால் அது தானாக வருவது போல வரும். ஆட்கள் கமராவுக்குள் விழாமல் நின்றால் சரி.

அந்தப் பயணத்தில்தான் நெட்டையன் தலை கேட்டது.

நிஸாம் கமராவோடு பஸ்ஸில் முந்தி வந்து நின்றான். கரையில் இறக்கியதும் மஹ்றூப் பையிலிருந்து பச்சைத் துணியை எடுத்தான். பட்டு. மடிப்புகளில் மணல் நிறக் கறை. மிருகத்தின் கழுத்தில் சுற்றிச் சுற்றி, உள்ளே கம்பு கொடுத்து, தலை போல நிறுத்தினான். ஏது என்று கேட்டேன். "கிடந்திச்சி," என்றான்.

தோணி மிருகத்தைக் கொண்டுபோய்க் கடலில் போட்டது. ஆட்கள் கயிற்றைப் பிடித்துச் சத்தம் போட்டு இழுக்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணன், சத்தம் படத்தில விழும்," என்றேன்.

"சத்தம் போடாட்டிக் கை இழுக்காது தம்பி," என்றார் தம்பிராசா.

மிருகம் வரவில்லை. முப்பது பேர் பின்னால் சாய்ந்து இழுத்தும் வரவில்லை. அப்போதுதான் மஹ்றூப் தலையில் கை வைத்தான். ஸ்பொஞ்சு. வாழ்நாள் முழுக்க ஸ்பொஞ்சோடு கிடந்தவன், அது தண்ணீர் குடிக்கும் என்பதை மறந்துவிட்டான். மிருகம் கடலின் அடியில் கிடந்து கடலைக் குடித்துக்கொண்டிருந்தது.

நேரம் போனது. உள்ளங்கைகள் கிழிந்தன. பிறகு ஒரு பெரிய அலை அதை அடியிலிருந்து தூக்கியது.

அந்த ஒரு கணத்தைத்தான் நான் இத்தனை வருடமாக எழுத முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன். ஆயிரம் செருப்புகள் மினுங்க அது எழும்பியது. ஈரப் பட்டு கழுத்தின் மேல் நிமிர்ந்தது. அலை திரும்ப, அதுவும் திரும்பிக் கரையைப் பார்த்தது. கண் இல்லை. ஆனால் பார்த்தது.

இழுக்கிற சத்தம் நின்றது. தம்பிராசா அண்ணனும் கடல் வந்த அன்று ஆள் பறிகொடுத்தவர். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் வந்தார்.

"காக்கா," என்றார் மஹ்றூபிடம், "இது வேணாம்."

அடுத்த அலை அதைக் கொண்டுவந்து கரையில் குப்புறப் போட்டது. டியூப் ஒரு தரம் விம்மியது. செருப்பு இடுக்குகளுக்குள்ளிருந்து சூடை மீன்கள் துள்ளி விழுந்தன. அதோடு பயம் முடிந்தது. முப்பது பேரும் மிருகத்தின் மேல் ஏறி மீன் பொறுக்கினார்கள். நிஸாம் கமராவை நிறுத்தவேயில்லை.

வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்

தலை இன்னும் ஒட்டவில்லை. பூப் பிரச்சினை தீரவில்லை. ஆனால் மஹ்றூபுக்குப் பொறுமை இல்லை. உடம்பு சரியா என்று மட்டுமாவது கேட்க வேண்டும் என்றான். எடுத்தபடியே வீடியோ கெசட்டைச் சம்மாந்துறைக்குக் கொண்டு போனோம்.

பரீதா முந்தானை நுனியை வாயில் கடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்தாள். ராத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலை எழும்பியது. மிருகம் எழும்பியது.

பரீதா எழும்பினாள்.

"என்ட கலியாணச் சாரி."

திரையில் கழுத்துப் பச்சையைத் தொட்டுக் காட்டினாள்.

"சொன்னனா இல்லயா? எல்லாத்தயும் அதுதான் கொண்டு போன எண்டு சொன்னனா இல்லயா? இந்தா, அதுட தலைல கிடக்கு. பாருங்க ராத்தா. பாருங்க கவிஞர் காக்கா."

அவள் முகம் பிரகாசித்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் சொன்னது சரி. நான் மஹ்றூபைப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஓம் புள்ள, அதுதான் என்று தலையசைத்தால் போதும். நாளைக்கே மிருகத்தை எரிக்கலாம். நாளை மறுநாள் அவள் வீட்டில் இருப்பாள்.

"இல்ல புள்ள," என்றான். "நான் கட்டின."

அவள் திரும்பினாள்.

"மூணாம் நாள் கண்டல் பத்தைக்குள்ள கிடந்திச்சி. கழுவி எடுத்த நான். கடைல ஒரு சீட்டுக்குள்ள வச்சித் தச்சிட்டன்."

"ரெண்டு வருசமா?"

"ஓம்."

"ஏன் என்ட்டச் சொல்லல்ல?"

மஹ்றூப் தரையைப் பார்த்தான். "சாரியக் காட்டினா வேற என்ன கிடைச்ச எண்டு கேப்பாய். வேற ஒண்டும் கிடைக்கல்ல."

தொலைக்காட்சியில் முப்பது பேர் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் அதை நிறுத்தவில்லை. பரீதா நின்றபடியே நின்றாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். நான் நினைத்தது எது சரியாக வந்திருக்கிறது?

"அப்ப," என்றாள், "பட்டுச் சாரியக் கொண்டுபோய் உப்புத் தண்ணிக்குள்ள போட்டீங்களா?"

"பச்ச வேணும் எண்டு நிஸாம்..."

"ஜரிகை கறுத்துப் போகும்! அறிவு இரிக்கா ஒங்களுக்கு? எங்க சாரி இப்ப?"

"அதுட கழுத்திலதான்."

"இன்னும் கழட்டல்லயா!"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கல்முனையில் வந்து இறங்கினாள். கடல் சத்தம் கேட்கிற தெருவில் மஹ்றூபுக்கு முன்னால் நடந்தாள். சாரி பற்றிய ஏச்சு வாயில் இருந்ததால் காதுக்கு வேலை இருக்கவில்லை போலும்.

மிருகம் வீட்டு வளவில் காய்ந்துகொண்டிருந்தது. சாரியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்புகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, கழுத்திலிருந்து வால் வரைக்கும். மதியம் லுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்பினாள். "இல்ல," என்றாள். யாருடையது இல்லை என்று நாங்கள் கேட்கவில்லை.

பிறகு மிருகத்தை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டு, "இது அது இல்ல," என்றாள். அதற்குப் பிறகு மஹ்றூப் எரிக்கிற கதையை எடுக்கவில்லை.

சாரியை நல்ல தண்ணீரில் ஐந்து தரம் அலசி, கடல் பக்கக் கொடியில் காயப் போட்டாள். பின்னேர பஸ்ஸுக்கு நேரமானது. தொட்டுப் பார்த்து, "காயல்ல," என்றாள். மறுநாள் மப்பும் மழையும். அடுத்த நாளும் காயவில்லை. அந்தச் சாரி போல நாள் எடுத்துக் காய்ந்த துணியை நான் கண்டதில்லை. ராத்தா அவளுடைய பெட்டியைக் கொடுத்தனுப்பும் வரைக்கும் அது காயவில்லை.

கடைசித் தடவை

தலை ஒட்டப்படவேயில்லை. படமும் வரவில்லை. கெசட்டில் இருந்த பச்சை ஒரு கணத்துக்குத்தான். திரும்ப எடுக்கப் பச்சையே இல்லாமல் கொம்பியூட்டர் எதைத் தின்னும் என்று நிஸாம் கைவிட்டான். மௌலவிக்குத் தீர்ப்புச் சொல்லும் சங்கடம் வரவில்லை. மிருகத்தின் ஸ்பொஞ்சைக் காயவைத்து மஹ்றூப் இருக்கைகளுக்குப் போட்டான். கல்முனைப் பக்கம் ஓடிய சில பஸ்களில் உப்பு மணக்கும். ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

சோதனைச் சாவடியில்தான் அந்தக் கதை சாகவில்லை. எங்களைக் காணும்போதெல்லாம் அங்கே நிற்கிறவர்கள் கேட்பார்கள். "ஒலுவ கோ?" ஆட்கள் மாறினார்கள். கேள்வி மாறவில்லை. கொப்பியில் இருந்தது அல்லவா?

யுத்தம் முடிந்த வருடம், தம்பிராசா அண்ணனின் மகளுக்குக் கலியாணம். மஹ்றூப் ஒரு மோட்டார் சைக்கிளில், பின்னால் பரீதா. நான் இன்னொன்றில். சாவடியில் மணல் மூட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாறிப் போயிருந்த நெட்டையன் திரும்பவும் வந்திருந்தான். மறிக்க வேண்டிய அவசியம் இல்லை. பழக்கத்தில் கையைக் காட்டினான். நாங்களும் பழக்கத்தில் நின்றோம்.

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. "ஒலுவ கோ?" என்றான், கடைசித் தடவையாக.

மஹ்றூப் நாடியால் பின்னால் காட்டினான்.

பரீதா உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டுச் சாரி. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டிருந்தாள். ஜரிகை கறுத்துத்தான் போயிருந்தது. நெட்டையன் அந்தப் பச்சையைப் பார்த்தான், மஹ்றூபைப் பார்த்தான், ஒன்றும் விளங்காமல் வழி விட்டான்.

"என்னவாம் அவனுக்கு?" என்றாள் பரீதா.

"ஒண்டுமில்ல. ஒன்னத்தான் இவ்வளவு நாளும் தேடினவன்," என்றான் மஹ்றூப்.

"வீதியப் பாத்து ஓடுங்க," என்றாள் அவள். இடது பக்கம் கடல் திறந்துகொண்டது. அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு தரம் பார்த்துவிட்டு, சாரியை இறுக்கிக்கொண்டாள்.